சமரசத்துக்கு முன் ஒரு புகார் மனு

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்காகப் பல ஆண்டுகள் மெஸ் நடத்தினேன். சமையல்தான் தொழில். ஆனால் சந்தையில் காய்கறி வாங்கியும் வீட்டுக்காரர்களிடம் வாடகை பேசியும் ரஷ்ய மொழி ஓரளவு நாக்கில் ஏறிவிட்டது. அதனால் செல்போன் பறிபோனாலும், முன்பணத்தை வீட்டுக்காரர் திருப்பித் தர மறுத்தாலும், யாராவது அடித்துவிட்டாலும் "அண்ணா, கொஞ்சம் ஸ்டேஷன் வரை வர முடியுமா?" என்ற அழைப்பு எனக்கு வரும். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, மீதியைச் சமையலறைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல. இங்கே எழுதுவது காவல் நிலையத்தின் மர பெஞ்சுகளில் உட்கார்ந்து கண்டது, உள்ளூர் நண்பர்கள் சொல்லிக் கொடுத்தது, அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சில வழக்குகளின் கதி. இந்த ஆண்டும் தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகள் அங்கே போவார்கள். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்துவிட்டுப் போனால் நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிர்கிஸ் மக்கள் நல்லவர்கள். குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்த என்னைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கட்டுப்போட்டு அனுப்பியவர்கள் முன்பின் தெரியாதவர்கள். என் சமையலறையில் வேலை செய்த பெண்மணியை நாங்கள் எல்லோரும் எஜே என்று கூப்பிடுவோம். அங்கே மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். தன் பிள்ளைக்குப் போர்த்திவிடுவதுபோல் நம் பெண்பிள்ளைகளுக்குக் கம்பளி போர்த்திவிடுவார். ஆகவே நான் குறை சொல்லப் போவது மக்களைப் பற்றி அல்ல. குற்றம் நடந்த பிறகு அது எப்படிக் கரைந்துபோகிறது என்பதைப் பற்றி.

அங்கே ஒரு குற்றம் நடந்தால், வழக்கு தொடங்கும் முன்பே சமரசப் பேச்சு தொடங்கிவிடும். மாமா வருவார், ஊர்ப் பெரியவர் வருவார், சில நேரம் காவலரே நடுவராக உட்கார்ந்துவிடுவார். "பிள்ளைகள் ஏதோ செய்துவிட்டார்கள், பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பார்கள். கை குலுக்கச் சொல்வார்கள். கொஞ்சம் பணம் கைமாறும். பதிவு எதுவும் இருக்காது. மறுநாள் அதே தெருவில் அதே ஆட்கள் அடுத்த பையனை மறிப்பார்கள். இதைப் பல முறை பார்த்த பிறகு, என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சமரசம் வேண்டுமானால் செய்துகொள்ளலாம், ஆனால் புகார் எழுத்தில் பதிவான பிறகு.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவன், திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளை. மாலை இருட்டியதும் மர்ஷ்ருத்காவில் இருந்து இறங்கி, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடையே உள்ள குறுக்குப் பாதையில் நடந்து வந்திருக்கிறான். மர்ஷ்ருத்கா என்பது நம்மூர் ஷேர் வேன் மாதிரி. இரண்டு இளைஞர்கள் மறித்து முகத்தில் குத்திவிட்டு செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூலைக்கடை கேமராவில் இருவர் முகமும் பதிவாகியிருந்தது. கடைக்காரப் பெண்ணே "இவர்கள் பின்கட்டிடத்துப் பையன்கள்" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்திலேயே அந்தப் பையன்களின் சித்தப்பா ஒருவர் வந்துவிட்டார். செல்போனைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மரியாதையான மனிதர், நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டார். பணியில் இருந்த அதிகாரிக்கு அதற்கு மேல் அதை இழுக்க விருப்பம் இல்லை. "பொருள் கிடைத்துவிட்டது, பிறகென்ன?" என்றார். உதடு கிழிந்து ரத்தம் உறைந்த முகத்தோடு தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கும் எழுந்து போய்விட வேண்டும்போல இருந்தது. அடுத்த நாள் தேர்வு வேறு.

மூத்த ஆண்களை அவர்கள் அழைக்கும் முறைப்படி சித்தப்பாவை "பைகே" என்று அழைத்து, கோபப்படாமல் சொன்னேன்: "உங்கள் மன்னிப்பை மதிக்கிறோம். முதலில் புகாரை எழுதிக் கொடுக்கிறோம். அதன் பிறகு விசாரணை அதிகாரி முன்னால் நீங்களும் நாங்களும் பேசிக்கொள்ளலாம்." அதிகாரி முணுமுணுத்தார். ஆனாலும் காகிதத்தை எடுத்தார்.

அவர் ரஷ்ய மொழியில் எழுதினார். பக்கம் முடிந்ததும், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு சிறு டிக் குறி போட்டுத் தம்பியிடம் நீட்டினார். பேனாவைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். செல்போன் "தொலைந்துபோனது" என்று இருந்தது. அடித்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேரம் மட்டும் சரியாக இருந்தது. நான் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். விசாரணை நடக்கும் மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது அந்த நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே உள்ள உரிமை. நான் பேசும் ரஷ்யன் சந்தைக்குப் போதும். ஒருவருடைய வாக்குமூலத்துக்குப் போதாது. அரை மணி நேரம் கழித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை வந்தார். அவர் வந்ததும் காகிதம் மாறியது: "இருவர் மறித்தார்கள், முகத்தில் தாக்கினார்கள், பறித்தார்கள்." பதிவு எண்ணுடன் ஓர் அத்தாட்சிச் சீட்டும், தடயவியல் மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு கடிதமும் கிடைத்தன.

பின்னர் சமரசம் நடந்தது. சித்தப்பா மருத்துவச் செலவைக் கொடுத்தார். அதுவும் எழுத்தில் வந்தது. தம்பி தேர்வும் எழுதினான். ஆனால் அந்தப் பையன்களின் பெயர் ஒரு பதிவில் ஏறிவிட்டது. சில மாதங்கள் கழித்து ஒரு பாகிஸ்தானி மாணவன் பணப்பையைப் பறிகொடுத்தபோது, அவனுடைய புகாரை யாரும் தட்டிக்கழிக்கவில்லை; அந்தப் பழைய எண்ணைச் சொன்னதும் அதிகாரி நேராக அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

மருத்துவப் பரிசோதனை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிபட்ட பிள்ளைகள் பலர், தாங்களே மருத்துவம் படிப்பவர்கள் என்பதால், அறையில் தாங்களே மருந்து போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். வீக்கம் வடிந்த பிறகு போனால் வழக்கில் காயமே இல்லை. அன்றே அவசரப் பிரிவுக்குப் போய், "அடித்ததால் ஏற்பட்ட காயம்" என்று மருத்துவர் எழுதும்படி செய்ய வேண்டும். ஆம்புலன்ஸ் எண் 103, காவல்துறை 102. படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்கும் ஒரு நண்பருக்கும் அனுப்பிவிடுங்கள்.

பேசி முடிப்பதை நான் முழுக்கத் தவறென்று சொல்லவில்லை. அந்த மண்ணில் அதற்கு வேர் இருக்கிறது. அக்சகால் எனப்படும் முதியவர்களின் நீதிமன்றங்களைச் சுதந்திரத்துக்குப் பின் அரசே சட்டபூர்வமாக்கியது. வாய்க்கால் தண்ணீர், வேலித் தகராறு, சகோதரர்களின் பாகப் பிரச்சினை ஆகியவற்றை அந்தப் பெரியவர்கள் தீர்த்துவைப்பதைக் கிராமங்களில் மக்கள் மதிக்கிறார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து அறிந்த எவருக்கும் இது புரியும். சிறிய குற்றங்களில் பாதிக்கப்பட்டவரும் குற்றவாளியும் சமரசமானால் வழக்கை முடிக்கலாம் என்று குற்றவியல் சட்டமும் இடம் தருகிறது. சிக்கல் எங்கே என்றால், வேலித் தகராறுக்குப் பொருந்துவதை மனித உடலுக்கும் பொருத்துகிறார்கள். அதனால் அதிகம் இழந்தவர்கள் அந்த நாட்டுப் பெண்கள்.

அலா கச்சூ என்று ஒரு வழக்கம். பெண்ணைக் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டு போய், வீட்டில் அடைத்து, வயதான பெண்கள் சுற்றி நின்று தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் கல்யாணம். இரு பக்கமும் சம்மதித்து நாடகம்போல் நடத்துவதும் உண்டு; உண்மையான கடத்தலும் உண்டு. பெண் வீட்டார் புகார் கொடுக்கப் போனால், "இரண்டு குடும்பங்களும் பேசிக்கொள்ளுங்கள்" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். 2013-இல் தண்டனையை 7 ஆண்டுகள் வரை உயர்த்தினார்கள். பெண் 17 வயதுக்குக் கீழ் என்றால் 10 ஆண்டுகள் வரை. சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. புகாரைப் பதிவு செய்தால்தானே சட்டம் வேலை செய்யும்?

2018 மே மாதம் 20 வயது மருத்துவ மாணவி ஒருவர் கடத்தப்பட்டார். காவல்துறை காரை மறித்து இருவரையும் காவல் நிலையத்துக்கே கொண்டுவந்தது. அங்கே அந்தப் பெண்ணையும் கடத்தியவனையும் ஒன்றாக இருக்கவிட்டார்கள். காவல் நிலையத்துக்குள்ளேயே அவன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவனுக்கு 20 ஆண்டுகள் சிறை. அந்த வாரம் எங்கள் மெஸ்ஸில் பெண்பிள்ளைகள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவரும் இவர்களைப் போலவே மருத்துவப் புத்தகம் சுமந்தவர்.

2021 ஏப்ரலில் பிஷ்கெக் நகரத் தெருவில் பட்டப்பகலில் இன்னொரு பெண்ணை மூன்று பேர் காரில் ஏற்றிப்போனார்கள். கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. குடும்பத்தார் உடனே புகார் கொடுத்தும் காவல்துறை அதைக் கல்யாண விஷயம்போல் இலேசாக எடுத்துக்கொண்டது என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் உடல்தான் கிடைத்தது. கடத்தியவனும் செத்துக் கிடந்தான். உள்துறை அமைச்சகத்தின் முன் நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். நகரக் காவல்துறைத் தலைவர் பதவி இழந்தார். எங்கள் எஜே அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்தார். அவருடைய அக்காள் மகளுக்கும் முன்பு இதே நடந்திருந்தது. அப்போது குடும்பம் பேசி முடித்தது, பெண் அங்கேயே தங்கிவிட்டாள். "அன்றைக்கு நான் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். எழுதக் கூடாது என்று அன்று அவரைத் தடுத்தவர் அவருடைய சொந்த அண்ணன்.

வெளிநாட்டு மாணவிகளை இப்படிக் கல்யாணத்துக்காகக் கடத்தியதாக நான் அங்கே இருந்தவரை கேள்விப்படவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊரில் பெற்றோர்கள் பயப்படுவது இதற்குத்தான். நம் பெண்பிள்ளைகளுக்கு வரும் தொல்லை வேறு வகை: பின்தொடர்வது, டாக்ஸியில் தகாத பேச்சு, வீட்டுக்காரர் சொல்லாமல் கதவைத் திறந்து உள்ளே வருவது. டாக்ஸியைச் செயலியில் பதிவு செய்தே ஏறுங்கள். வண்டி எண்ணும் ஓட்டுநர் விவரமும் அதில் நின்றுவிடும். வீட்டுக்காரர் தொல்லைக்கு வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதுதான் காப்பு. வாய்மொழியில் வீடு பிடித்துத் தரும் ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம். புகார் கொடுக்கும்போது பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள். துணைக்கு ஓர் உள்ளூர்ப் பெண் வந்தால் அந்த அறையின் பேச்சே மாறும். எஜே எத்தனையோ பிள்ளைகளுக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மேல்மட்டத்திலும் கதை பெரிதாக மாறுவதில்லை. சுங்கத்துறையின் முன்னாள் துணைத் தலைவர் ராயிம்பெக் மத்ராயிமோவ் என்று ஒருவர். நாட்டிலிருந்து பல ஆயிரம் கோடி ரூபாய்க்கு இணையான டாலர்கள் வெளியேறியதில் அவருக்குப் பங்கு உண்டு என்று 2019-இல் பத்திரிகையாளர்கள் ஆதாரங்களோடு எழுதினார்கள். 2020 இறுதியில் கைதானார். சுமார் 200 கோடி சோம் (சோம் அந்த நாட்டு நாணயம்) அரசுக்குக் கட்டினார்; 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் 2,60,000 சோம் அபராதம் விதித்து விட்டுவிட்டது. காய்கறி விற்கும் பாட்டிகளும் அன்று சந்தையில் அதைத்தான் பேசினார்கள். ஊழலில் பிடிபட்டால் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வரலாம் என்பது பிறகு அரசின் வழக்கமாகவே ஆகிவிட்டது. பெரிய மனிதர் பணம் கட்டி வெளியே வருவதைப் பார்க்கும் சிறிய அதிகாரி, தெருக்கொள்ளையனின் சித்தப்பாவை மட்டும் எதற்காகத் திருப்பி அனுப்பப் போகிறார்?

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எழுத்தில் இருப்பதெல்லாம் நியாயமாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2010 ஜூனில் தெற்கே ஓஷ், ஜலாலாபாத் பகுதிகளில் கிர்கிஸ் மக்களுக்கும் உஸ்பெக் மக்களுக்கும் இடையே கலவரம் வெடித்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் உஸ்பெக்குகள். அந்தக் கலவரத்தை ஆவணப்படுத்திய மனித உரிமைச் செயற்பாட்டாளர் அசிம்ஜான் அஸ்கரோவ், ஒரு காவலரின் கொலையில் பங்கு என்று குற்றம்சாட்டப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றார். சித்திரவதை செய்யப்பட்டார், நியாயமான விசாரணை நடக்கவில்லை, விடுதலை செய்யுங்கள் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2016-இல் சொன்னது. மறுவிசாரணையிலும் தண்டனை உறுதியானது. 2020 ஜூலையில் சிறையிலேயே இறந்தார். அவருடைய வழக்கிலும் காகிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஓஷ் நகரில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: இரண்டு சமூகத்துக்கும் நடுவில் இன்னும் ஆறாத காயம் அது. கடையில், டாக்ஸியில், வகுப்பில் யார் பக்கம் நியாயம் என்று பேச்சு எழுந்தால் அதில் இறங்காதீர்கள்.

அதனால், நீங்கள் புகார் கொடுப்பவராக இல்லாமல் சந்தேகிக்கப்படுபவராக உட்காரும் நாளில் விதி வேறு. அன்று புரியாத எதிலும் கையெழுத்து வேண்டாம். "கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ" என்பார்கள். போகாதீர்கள். மொழிபெயர்ப்பாளர், வழக்கறிஞர், தூதரகம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவருக்கு அரசு செலவில் சட்ட உதவி தர அங்கே சட்டம் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் 48 மணி நேரத்துக்கு மேல் யாரையும் காவலில் வைக்கக் கூடாது என்று அரசமைப்பே சொல்கிறது. கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம். தூதரக அதிகாரியைக் குறிக்கும் "கன்சுல்" என்ற ஒரு சொல்லை அமைதியாக, மீண்டும் மீண்டும் சொன்னாலே பல அறைகளில் குரல் தணிவதைப் பார்த்திருக்கிறேன்.

சந்தேக வளையத்தில் நம் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் போதைப்பொருளால். ஆப்கானிஸ்தானில் இருந்து தஜிகிஸ்தான், ஓஷ் வழியாக ரஷ்யாவுக்குப் போகும் கடத்தல் பாதையில் இருக்கிறது இந்த நாடு. இப்போது டெலிகிராமில் விற்கிறார்கள். மரத்தடியிலும் குழாய்க்குப் பின்னாலும் சிறு பொட்டலத்தை ஒளித்து வைத்துவிட்டு இடத்தை அனுப்புகிறார்கள். அந்தப் பொட்டலத்தை எடுத்துவந்து கொடுத்தால் காசு என்று யாராவது சொன்னால், அது நேராகச் சிறைக்குப் போகும் வழி. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் ஒரே தண்டனை இல்லை. கைமாற்றிவிடுபவன் விற்பவனாகத்தான் எழுதப்படுவான். ஊரில் இருந்து வரும்போது கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றை மருத்துவச் சீட்டு இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள். பிறர் கொடுத்த பார்சலையும் பிரித்துப் பார்க்காமல் எடுத்து வராதீர்கள், அனுப்புபவர் பக்கத்து வீட்டு மாமாவாக இருந்தாலும்.

இன்னொரு தொல்லை போலிக் காவலர்கள். ஓஷ் பஜார் என்ற பெரிய சந்தை பிஷ்கெக்கில் இருக்கிறது, பெயர்தான் ஓஷ். அங்கே சாதாரண உடையில் இருவர் வந்து, ஓர் அட்டையை மின்னல்போல் காட்டிவிட்டு, "பாஸ்போர்ட், பணப்பை, சோதனை" என்பார்கள். பணப்பையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது சில நோட்டுகள் குறைந்திருக்கும். பணப்பையைக் கொடுக்காதீர்கள். அட்டையை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், பெயரையும் எண்ணையும் அவர்கள் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள், 102-ஐ அழுத்துங்கள், "காவல் நிலையத்தில் வைத்துச் சோதியுங்கள், நடந்தே வருகிறேன்" என்று சொல்லுங்கள். போலி அந்த இடத்திலேயே மறைந்துவிடுவான். அசலாக இருந்தாலும் நடுத்தெருவில் பணம் கேட்கும் எண்ணம் அவருக்குப் போய்விடும். அசல் காவலருக்குப் பணிவு காட்டுங்கள், குரலை உயர்த்தாதீர்கள், செல்போனை முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுத்து வம்பை வளர்க்காதீர்கள். விசாவும் வசிப்பிடப் பதிவும் காலாவதி ஆகாமல் இருந்தால் அவர்களிடம் உங்களைப் பயமுறுத்த எதுவும் இல்லை. மாணவர் விசாவில் இருந்துகொண்டு உணவு டெலிவரி வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதையேதான் சொன்னேன். பிடித்தால் படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

2024 மே மாதத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மே 13-ஆம் தேதி அதிகாலை ஒரு விடுதியில் உள்ளூர் இளைஞர்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் அடிதடி நடந்தது. அதன் காணொளி 17-ஆம் தேதி இணையத்தில் பரவியது. அன்று இரவு நூற்றுக்கணக்கானோர் தெருவில் திரண்டு வெளிநாட்டு மாணவர் விடுதிகளுக்குள் புகுந்து தாக்கினார்கள். அடிபட்டவர்களில் அந்த அடிதடியோடு எந்தத் தொடர்பும் இல்லாத பாகிஸ்தானியர்கள் அதிகம். இந்தியர்களும் பயத்தில் உறைந்திருந்தார்கள். சுகாதார அமைச்சகம் முதலில் சொன்ன கணக்கு 29 காயம்பட்டவர்கள். அப்போது அங்கே சுமார் 15,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வெளியே வராதீர்கள் என்று தூதரகம் அறிவித்தது. பாகிஸ்தான் தன் மாணவர்களை விமானங்களில் அழைத்துக்கொண்டது.

அந்த இரவு மெஸ்ஸின் இரும்புக் கதவைப் பூட்டி, விளக்குகளை அணைத்து, உள்ளே இருந்த பிள்ளைகளைப் பின்னறையில் உட்காரவைத்தேன். எஜே தன் கணவரோடு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். கிர்கிஸ் குடும்பம் ஒன்று வாசலில் இருந்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. தெருமுனை வரை கூட்டத்தின் சத்தம் வந்து போனது; எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அன்று எங்களை அதிகம் அலைக்கழித்தது செல்போன். மாணவர்கள் கொல்லப்பட்டார்கள், மாணவிகளுக்குக் கொடுமை நடந்தது என்று குரல் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. இறப்பு எதுவும் இல்லை என்று கிர்கிஸ் அரசு சொன்னது. பிறகும் அப்படி எதுவும் உறுதியாகவில்லை. ஆனால் அந்தப் பதிவுகளைக் கேட்டு ஒரு பையன் பின்பக்க ஜன்னல் வழியாக விமான நிலையத்துக்கு ஓடப் பார்த்தான். கூட்டம் இருந்த திசை அதுதான். சட்டையைப் பிடித்து உட்காரவைத்தோம். இப்படி ஓர் இரவு வந்தால் தூதரகத்தின் அறிவிப்பைத் தவிர வேறு எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு ஒரு மணிக்கு ஒரு தடவை "பாதுகாப்பாக இருக்கிறேன்" என்ற இரண்டு வார்த்தை போதும். பேட்டரியைச் சேமியுங்கள்.

பிறகு வந்த வாரங்களில்தான் என் மனம் அதிகம் கசந்தது. கதவு உடைந்த விடுதிப் பிள்ளைகளிடம் "படிப்பு முக்கியம், பெரிதுபடுத்தாதே" என்று நிர்வாகங்களும் ஏஜெண்டுகளும் சொன்னார்கள். லேப்டாப் நொறுங்கியவன், விலா எலும்பில் அடிபட்டவன் எனப் பலர் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காமல் விமானம் ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது; அந்த வயதில் வீடுதான் நினைவுக்கு வரும். எழுதிக் கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு, பதிவுச் சீட்டைக் காட்டிய பிறகு, விடுதி நிர்வாகம் உடைந்த பொருட்களுக்கான பணத்தைக் கொடுத்தது. வாய்மொழியாகக் கேட்ட மற்றவர்களுக்கு "பார்க்கலாம்" என்ற பதில் மட்டுமே மிஞ்சியது.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். பிள்ளையை அனுப்பும் முன் பாஸ்போர்ட், விசா, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றின் நகல் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். பிஷ்கெக் இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணை அதன் இணையதளத்தில் இருந்து நீங்களே எடுத்துக் குறித்துவையுங்கள். ஏஜெண்டு கொடுத்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பிள்ளை போய்ச் சேர்ந்ததும் தூதரகத்தில் தன் பெயரைப் பதிவு செய்யட்டும். வெளிநாட்டில் சிக்கும் இந்தியர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் நடத்தும் "மதத்" என்ற இணையதளத்தில் நீங்கள் ஊரில் இருந்தே புகார் பதியலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கான அரசு அலுவலகமும் இருக்கிறது. இரண்டிலும் பிள்ளையின் உள்ளூர்க் காவல் நிலையப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டால் வேலை வேகமாக நடக்கும். எண் இல்லாத புகாரை விளக்குவதற்கே நாட்கள் போய்விடும்.

நள்ளிரவில் பிள்ளை அழுதுகொண்டே போன் செய்தால், "போனது போகட்டும், விட்டுவிட்டு வா" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். காயம் இருக்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், மருத்துவமனைக்குப் போனாயா, புகார் கொடுத்தாயா என்று இந்த வரிசையில் கேளுங்கள். புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு படித்துக் காட்டச் சொல்லி, அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அப்போதே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.